பார்க்கின்சன் உள்ள அப்பாவுக்கு இரவில் தூக்கமில்லை: எந்த மணிக்கு எது எழுப்புகிறது என்று பாருங்கள்

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களும் படிப்பார்கள் இல்லையா.

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 69 வயது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன். அதற்கு மூன்று வேளை மடோபார், அதோடு பிரமிபெக்சோல். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின். இரவில் நாலைந்து முறை எழுந்துகொள்கிறார். புரண்டு படுக்க முடியவில்லை என்று அம்மாவைக் கூப்பிடுகிறார். விடியற்காலையில் தூக்கத்திலேயே கத்திக் கையை வீசுகிறார், அதில் அம்மாவின் கன்னம் வீங்கிவிட்டது. பகலில் பேப்பரைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போகிறார். 'தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடலாம்' என்கிறார் அண்ணன். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை.

ஒப்பாமல் இருந்தது நல்லது. அந்த மாத்திரையை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

நான் பினாங்கில் மருத்துவமனை மருந்தகத்தில் பல வருடம் வேலை பார்த்த மருந்தாளர். டாக்டர் இல்லை. அதனால் அப்பாவின் மருந்து அளவை மாற்றச் சொல்லி இங்கே எழுத மாட்டேன். டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் இன்று இரவே எதைச் செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். பார்க்கின்சன் என்றால் கைநடுக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோதே தூக்கம் கெடுவதையும் சேர்த்துத்தான் எழுதினார். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு தூக்கத் தொல்லை இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்கும் அந்தச் சில நிமிடத்தில் நடை, நடுக்கம், விறைப்பு இவற்றைப் பற்றிப் பேசியே நேரம் முடிந்துவிடும். இரவைப் பற்றி யாராவது கேட்டால், 'சரியாத் தூங்க மாட்டேங்கிறார் டாக்டர்' என்ற ஒரு வரியோடு போய்விடுகிறது.

அந்த ஒரு வரியை வைத்து யாராலும் வைத்தியம் பார்க்க முடியாது. உங்கள் அப்பாவின் இரவில் ஒரு பிரச்சினை இல்லை, குறைந்தது நாலு இருக்கிறது. ஒவ்வொன்றும் வரும் நேரம் வேறு, காரணமும் மருந்தும் பெரும்பாலும் வேறு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கெடுத்தும்விடும். எனவே முதல் வேலை, எந்த மணிக்கு எது அவரை எழுப்புகிறது என்று பிரித்துப் பார்ப்பது.

பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். இடது பக்கம் பகலில் மருந்து விழுங்கிய நேரங்கள். சீட்டில் எழுதியிருக்கும் நேரத்தைக் காப்பி அடிக்காதீர்கள், உண்மையிலேயே வாயில் போட்ட நேரத்தை எழுதுங்கள். வலது பக்கம் இரவு. ஒரு வாரம் எழுதினால் ஏறக்குறைய இப்படி ஒரு பக்கம் கிடைக்கும்:

'12.40, சிறுநீர். 2.15, புரள முடியவில்லை, கால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்றார். 4.30, கத்தினார், எழுப்பியதும் கனவைச் சொன்னார். 5.50, இடது கால் விரல் உள்ளே மடங்கிக்கொண்டது, வலி.'

பார்க்க நாலே வரி. நரம்பியல் டாக்டர் கையில் இதைக் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீங்கள் கேள்வியில் சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்பாவின் இரவும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் இந்த நாலு வரியையும் எடுத்துக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் அந்த 2.15. மடோபாரில் இருக்கும் லெவோடோபாதான் மூளையில் டோபமினாக மாறி உடம்பை அசைய வைக்கிறது. அது இரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கூட இருக்கும் பென்செராசைடு அது மூளைக்குப் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். நோயின் ஆரம்பக் காலத்தில் மூளையே கொஞ்சம் டோபமினைச் சேமித்து வைத்து இரவை ஓட்டிவிடும். ஐந்தாறு வருடம் போனபின் அந்தச் சேமிப்பு குறைந்துவிடுகிறது. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குக் கடைசி மாத்திரை போட்டவருக்கு நள்ளிரவு தாண்டும்போது உடம்பில் மருந்தே இல்லை. ஆரோக்கியமான மனிதர் தூக்கத்தில் தன்னை அறியாமலே பல முறை புரள்கிறார். அப்பாவால் அது முடியவில்லை. ஒரே பக்கமாகக் கிடந்து தோளும் இடுப்பும் வலித்து விழித்துக்கொள்கிறார். அவருக்குத் தூக்கம் வராமல் இல்லை, வந்த தூக்கத்தை விறைப்பு கலைக்கிறது. இந்த நேரத்தில் தூக்க மாத்திரை வேலை செய்தால் என்ன ஆகும்? அதே விறைப்போடு, கூப்பிடக்கூடத் தெரியாமல் ஒரே பக்கமாகக் கிடப்பார்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது இது: 'படுக்கப் போகும்போது ஒரு வேளை லெவோடோபா சேர்க்கலாமா, மெதுவாகக் கரையும் வகை சரிவருமா?' அந்த வகைக் கேப்ஸ்யூலைத் திறக்கவோ மெல்லவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். நாள் முழுவதும் தோலில் ஒட்டி வைக்கும் ரோட்டிகோட்டின் பட்டையும் சிலருக்கு இரவு விறைப்பைக் குறைக்கிறது. அதுவும் பிரமிபெக்சோலும் ஒரே வகை மருந்து என்பதால், எதை வைத்து எதை எடுப்பது என்பது முழுக்க டாக்டரின் முடிவு.

டாக்டரைப் பார்க்கும் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத காரியங்களும் இருக்கின்றன. நம்ம வீட்டு ஆண்கள் கைலி கட்டிக்கொண்டுதான் படுப்பார்கள். புரளும்போது கைலி தொடையைச் சுற்றிக்கொண்டு காலைக் கட்டிவிடும். அதற்குப் பதிலாக வழுக்கும் துணியில் தைத்த பைஜாமா போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பழைய பட்டுப் புடவை ஒன்றை எடுத்து, சரிகைப் பகுதியை வெட்டிவிட்டு, தோளிலிருந்து தொடைவரை வரும் அளவுக்கு மெத்தையின் குறுக்கே இறுக்கிச் செருகிவிடுங்கள். குதிகால் படும் இடத்தில் சாதாரணப் பருத்தி விரிப்பே இருக்கட்டும். உடம்பு வழுக்க வேண்டும், பாதத்துக்குப் பிடிமானம் வேண்டும். பைஜாமா, விரிப்பு இரண்டுமே வழுக்கினால் கட்டிலிலிருந்து சறுக்கி விழுந்துவிடுவார், எனவே இரண்டில் ஒன்று மட்டும். உள்ளே அமுங்கும் தடித்த நுரை மெத்தையும் கனமான போர்வையும் வேண்டாம்.

புரளும் முறையையும் பகலிலேயே சொல்லிக் கொடுத்துப் பழக்குங்கள். மல்லாந்த நிலையில் இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதங்களை மெத்தையில் ஊன்ற வேண்டும். திரும்ப வேண்டிய பக்கம் முதலில் தலை திரும்பட்டும். எதிர்க் கை மார்பைத் தாண்டி அந்தப் பக்கம் நீளட்டும். அப்புறம் இரண்டு முழங்காலையும் ஒன்றாகச் சாய விட வேண்டும், இடுப்பு தானாகப் பின்னால் வரும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்குத் தானாக நடக்கும் அசைவுகள்தான் முதலில் குறைகின்றன. ஒவ்வொரு படியாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்தால் முடிகிறது. ஒருமுறை உடலியக்கச் சிகிச்சை நிபுணரிடம் கூட்டிப்போனால் கட்டில் உயரத்தையும் பார்த்துச் சொல்வார். பிடித்துக்கொள்ளக் கட்டிலின் தலைப்பக்கம் அரை அளவுக் கம்பி நல்லது. முழு நீளத்துக்கும் கம்பி போட்டுவிடாதீர்கள், அவசரத்தில் ஏறித் தாண்டப்போய் இன்னும் உயரத்திலிருந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

5.50 வரியும் இதே கதையின் தொடர்ச்சிதான். இரவெல்லாம் மருந்து இல்லாததால் விடியும் நேரத்தில் கால் விரல் மடங்கி இழுத்துக்கொள்கிறது. காலையின் முதல் மடோபாரையும் ஒரு பிளாஸ்டிக் குவளைத் தண்ணீரையும் இரவே கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, கண் விழித்ததும் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் படுத்திருக்கச் சொல்லுங்கள். பசியாறுவது அதற்கு அப்புறம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகையும் உண்டு, கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்யும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். சாயங்கால மடோபாரோடு கோழிக் குழம்பும் பருப்பும் நிறைய சேர்ந்தால் குடலில் புரதமும் லெவோடோபாவும் போட்டி போடும், மருந்து சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரைமணி அல்லது ஒரு மணி நேரம் முன்பே மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அம்மாவை அடித்த அந்த 4.30. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் மனசு உடைந்துபோவது இதில்தான்.

கனவு வரும் தூக்கக் கட்டத்தில், கண்ணையும் மூச்சுவிடும் தசையையும் தவிர மற்றத் தசைகளை மூளைத்தண்டு செயலிழக்க வைத்துவிடுகிறது. அதனால்தான் கனவில் எவ்வளவு ஓடினாலும் நாம் கட்டிலிலேயே கிடக்கிறோம். பார்க்கின்சனில் அந்தக் கட்டு தளர்ந்துவிடுகிறது. கனவில் செய்வதை உடம்பும் செய்கிறது. 1986-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் குழுவினர் இதை ஒரு தனி நோயாக விவரித்தார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது இது இருக்கிறது. பலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே வந்துவிடுகிறது. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். 'ஆமா, வேலையில இருந்த காலத்திலேயே தூக்கத்துல யாரையோ திட்டுவார்' என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன்.

கனவு பெரும்பாலும் யாரோ துரத்துவதாக, நாய் பாய்வதாக, வீட்டுக்குள் திருடன் வந்துவிட்டதாக இருக்கும். அப்பா அந்த நேரத்தில் தன்னையோ குடும்பத்தையோ காப்பாற்றத்தான் கை வீசுகிறார். பக்கத்தில் அம்மா படுத்திருப்பது அவருக்குத் தெரியாது. அம்மாவிடம் இதை நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். முப்பது நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர் கடைசிக் காலத்தில் கை நீட்டிவிட்டார் என்று வெளியில் சொல்லாமல் புழுங்கும் பெண்களை மருந்து முகப்பில் பார்த்திருக்கிறேன். காற்று கருப்பு என்று பயந்து கயிறு கட்டுகிறவர்களும் உண்டு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவதை நான் தடுக்கமாட்டேன், அது மனதுக்குத் தெம்பு. ஆனால் இதற்கு மருத்துவம் இருக்கிறது, அதையும் செய்யுங்கள்.

இன்றிலிருந்தே அம்மா தனிக் கட்டிலில் படுக்கட்டும். அதே அறையில் என்றால் கை எட்டாத தூரம். அப்பா பக்கம் இருக்கும் கண்ணாடிக் குவளை, மேசை விளக்கு, கத்திரிக்கோல், கூரான மேசை முனை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கட்டில் உயரமாக இருந்தால் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டுக் கீழே ஒரு மெத்தையை விரித்து வையுங்கள். எழும்போது தடுக்காதபடி அதைக் காலையில் எடுத்துவிட வேண்டும். அவர் கத்தும்போது கையைப் பிடித்து அமுக்கப் போகாதீர்கள், கனவில் இருக்கும் எதிரியாகவே உங்களை நினைப்பார். தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். விழித்ததும் தெளிவாகிவிடுவார், கனவையும் சொல்வார். இப்படிச் சட்டென்று தெளிவது இந்த நோயின் ஒரு அடையாளம், அதனால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

மருந்து என்று வந்தால் வழக்கமாக இரண்டு. ஒன்று மெலடோனின், படுக்கும் நேரத்தில் 3 மில்லிகிராமில் தொடங்கித் தேவைக்கேற்ப ஏற்றுவார்கள். வயதானவர்களுக்கு இதைத்தான் பலரும் முதலில் யோசிப்பார்கள். இன்னொன்று குளோனசெபாம், மிகக் குறைந்த அளவில். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் மறுநாளும் உடம்பில் தங்கும், தள்ளாட்டமும் குழப்பமும் தரும். குறட்டைவிட்டு நடுவில் மூச்சு நிற்கும் ஆளாக இருந்தால் ஆபத்து. அப்பாவுக்குக் குறட்டை உண்டா, மூச்சு நின்று திணறி எழுகிறாரா என்பதை அம்மாவிடம் கேட்டு டாக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மெலடோனினை ஆன்லைனில் வாங்கும் பழக்கம் இப்போது அதிகமாகிவிட்டது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். இரண்டும் இல்லாத போத்தலை அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். இன்னொரு விஷயம், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இந்தக் கனவுச் சண்டையைக் கூட்டும். அப்படி ஏதாவது புதிதாகத் தொடங்கிய பிறகு இது அதிகமானதா என்று தேதியோடு சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்து 12.40, சிறுநீர். பார்க்கின்சன் சிறுநீர்ப் பையையும் பாதிக்கும், கொஞ்சம் நிறைந்ததுமே முட்டும். ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் நோயை மட்டும் குறை சொல்ல முடியாது. இனிப்பு நீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? சர்க்கரை அளவு ஏறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் எழ வேண்டியிருக்கும். ஆண்களுக்கு இந்த வயதில் புரோஸ்டேட் வீக்கமும் இருக்கலாம். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் நீர் கோக்க வைக்கும். பகலெல்லாம் காலில் தங்கிய அந்த நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வெளியேறும். சாயங்காலம் காலுறையின் தடம் கணுக்காலில் ஆழமாகப் பதிகிறதா பாருங்கள். பதிந்தால், மத்தியானம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்து உட்காரச் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரை ஏதாவது எடுத்தால் அதை எப்போது போடுகிறார் என்றும் பாருங்கள், இரவில் போட்டால் இரவில்தான் வேலை செய்யும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பார்க்கின்சன் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகளையும் பாதிக்கிறது. சிலருக்கு எழுந்து நின்றால் அழுத்தம் இறங்கும், படுத்தால் ஏறும். படுத்திருக்கும்போது ஏறும் அழுத்தம் சிறுநீரகத்தை அதிகமாக வேலை வாங்குகிறது, பை நிறைகிறது. எழுந்து ஓடும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி, கழிவறை வாசலில் விழுகிறார்கள். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் பார்த்து இரண்டு எண்ணையும் எழுதுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டருக்குத் தெரிய வேண்டும், அழுத்த மாத்திரையையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தினால் இரண்டுக்கும் நல்லது. இரண்டு தலையணையைக் கூடுதலாக வைப்பது அதே வேலையைச் செய்யாது, கழுத்துதான் மடங்கும்.

நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கழிவறை பெரும்பாலும் சமையலறைக்குப் பின்னால் இருக்கும், வாசலில் ஒரு சின்னப் படியும் இருக்கும், தரை எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். இடுப்பு எலும்பு முறிவுகள் நடக்கும் இடம் அது. படுக்கைக்குப் பக்கத்தில் சிறுநீர்ப் போத்தல் வைக்க அப்பா கூச்சப்படலாம். அவருடைய கூச்சத்தை மதித்து, அறை இருட்டில் மூடியோடு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுங்கள், மெல்லப் பழகிக்கொள்வார். மேல்மாடியில் படுக்கிறவராக இருந்தால் கீழே இறக்கிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாக் கடைத் தே தாரேக், கோப்பி ஓ இரண்டும் வேண்டாம். அதற்காகப் பகல் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது மலச்சிக்கலையும் மயக்கத்தையும்தான் கொண்டுவரும். பகலில் நன்றாகக் குடிக்கட்டும், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். படுத்ததும் கால் குடைகிறது, ஆட்டினால்தான் நிம்மதி என்று சொல்கிறாரா? அப்படியென்றால் இரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து கொடுப்பார்கள். இரும்பு மாத்திரையையும் மடோபாரையும் ஒன்றாக விழுங்கினால் லெவோடோபா சரியாக உறிஞ்சப்படாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பகல் தூக்கத்துக்கு வருவோம். இரவு தூங்காததால் பகலில் தூங்குகிறார் என்பது பாதி உண்மை. மறு பாதி பிரமிபெக்சோலாக இருக்கலாம். 1999-ல் அமெரிக்க மருத்துவர்கள், பிரமிபெக்சோலும் அதே வகை மருந்தான ரோப்பினிரோலும் சாப்பிட்ட சிலர் வண்டி ஓட்டும்போதே தூங்கி விபத்தில் சிக்கியதை எழுதினார்கள். முன்னறிவிப்பே இல்லாமல் வரும் தூக்கம் அது. அப்பா இன்னும் கார் அல்லது மோட்டார் ஓட்டுகிறாரா? ஓட்டினால் டாக்டர் பார்க்கும்வரை சாவியை வாங்கி வையுங்கள். கோபப்படுவார், படட்டும். பினாங்குப் பாலத்தில் ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதே மருந்து சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளையும் கிளப்பும். இரவு முழுக்கப் போனில் பொருள் வாங்குவது, நாலு நம்பர் லாட்டரிக்குப் பணத்தை அள்ளிக் கொட்டுவது, இனிப்பைத் தேடித் தின்பது. முன்பு இல்லாத இப்படி ஒரு பழக்கம் புதிதாக வந்திருந்தால், அவர் குணம் கெட்டுவிட்டது என்று சண்டை போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மெல்லக் குறைத்தால் அடங்கும். திடீரென்று நிறுத்தக் கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினாலோ அதைவிட மோசம், கடும் காய்ச்சலும் விறைப்பும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

செலெஜிலின், அமாண்டடின் என்ற பார்க்கின்சன் மருந்துகள் இரண்டில் எதையாவது பிறகு சேர்த்தால், அவற்றைக் காலையிலும் மத்தியானத்துக்குள்ளும் முடித்துவிட வேண்டும். இரவில் போட்டால் கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.

பகலில் தூங்க விடவே கூடாது என்று இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால் அரைமணி நேரம் போதும். காலை வெளிச்சம் மிக முக்கியம். நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக விடிகிறது, எனவே ஏழரை மணி வாக்கில், முதல் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியபின், வெளியில் நடக்க வையுங்கள். வீட்டு வாசலில் முன்னும் பின்னும் நடந்தாலும் சரி. நாள் முழுக்கத் திரை மூடிய ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மூளை எதை வைத்துப் பகல் இரவைப் பிரிக்கும்?

இப்போது அண்ணன் சொன்ன மாத்திரை. எனக்கு அண்ணன் மேல் வருத்தமில்லை, அம்மா படும் பாட்டைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் தூக்கத்துக்கென்று கடையில் கை போகும் முதல் மருந்து பெரும்பாலும் பிரிட்டோன்தான். சளிக்குக் கொடுக்கும் அந்தச் சின்ன மாத்திரை தூக்கம் வரவைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், விலையும் குறைவு. பார்க்கின்சன் உள்ள வயதானவருக்கு அது குழப்பத்தைத் தரும், சிறுநீரை அடைக்கும், மலச்சிக்கலைக் கூட்டும். இரவில் தூங்க வைக்கப்போய் ஆள் யாரென்றே தெரியாமல் எழுந்து உட்கார்ந்திருப்பார். டையசெபாம், லோரசெபாம் வகை தள்ளாட வைத்து விழ வைக்கும். இன்னும் கவனமாக இருக்க வேண்டியவை, வாந்திக்குக் கிளினிக்கில் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் புரோகுளோர்பெரசினும், ஆள் கத்தினால் அடக்கப் போடும் ஹாலோபெரிடாலும். மூன்றும் டோபமினைத் தடுப்பவை, நோயையே மோசமாக்கும். இந்த மூன்று பெயரையும் ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள். ஊரிலிருந்து பூனைக்காலி விதைப் பொடி வருவதும் எனக்குத் தெரியும். அதில் இருப்பது நிஜமான லெவோடோபாதான், அதனாலேயே மடோபாரோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு கூடிப்போய் உடம்பு முறுக்கும், மாயத் தோற்றமும் வரலாம். டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டாம்.

மாயத் தோற்றம் என்றதும் ஒரு வேறுபாடு. கனவில் கத்துவது வேறு. கண் திறந்திருக்கும்போதே மூலையில் பிள்ளைகள் நிற்கிறார்கள், பூனை ஓடுகிறது என்று சொல்வது வேறு. இரண்டாவது நடந்தால் நோட்டில் தனியாக எழுதி அடுத்த தவணைத் தேதிக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே டாக்டருக்குத் தெரிவியுங்கள். ஒன்றிரண்டு நாளிலேயே ஆள் அடியோடு குழம்பிப்போனால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுச் சளியோ காரணமாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், மடோபாரையும் நேரக் குறிப்பையும் கையோடு எடுத்துப்போங்கள். வார்டில் சேர்த்தாலும் மாத்திரை தன் நேரத்துக்குக் கிடைக்க வேண்டும், தாதியிடம் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக 'இன்றைக்கு இரவுத் தொல்லையைப் பற்றித்தான் பேச வந்தோம்' என்று சொல்லி நோட்டை மேசையில் வையுங்கள். நாலையும் ஒரே நாளில் தீர்க்கச் சொல்லாதீர்கள். எது அதிகம் வாட்டுகிறதோ அதை முதலில் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் அடிபடும் ஆபத்து முதலில், விறைப்பு இரண்டாவது. ஒரே நேரத்தில் மூன்று மருந்து மாறினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. கோலாலம்பூரில் மலேசிய பார்க்கின்சன் நோய்ச் சங்கம் இருக்கிறது. தூரமாக இருந்தாலும் தொடர்புகொள்ளுங்கள், இதே வீட்டுச் சூழலில் இருப்பவர்களோடு பேசக் கிடைக்கும்.

கடைசியாக அம்மா. கேள்வி முழுக்க அப்பாவைப் பற்றி இருந்தாலும் படித்தபோது எனக்கு அவரைப் பற்றித்தான் கவலையாக இருந்தது. நாலைந்து முறை அப்பா எழுந்தால் அம்மாவும் நாலைந்து முறை எழுகிறார், அதற்கு மாத்திரையும் இல்லை, தவணைத் தேதியும் இல்லை. வாரத்தில் இரண்டு இரவாவது நீங்களோ அண்ணனோ அப்பாவின் அறையில் படுங்கள், அம்மா கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில் தூங்கட்டும். 'எனக்குப் பழகிப்போச்சு' என்பார். கேட்காதீர்கள். மற்ற இரவுகளுக்கு அப்பா தலைமாட்டில் ஒரு அழைப்பு மணி வைத்துவிட்டால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பாதித் தூக்கத்தில் கிடக்க வேண்டியதில்லை. அவருக்கும் இரத்த அழுத்தமோ இனிப்பு நீரோ இருந்தால், அப்பாவைக் கவனிக்கும் அவசரத்தில் தன் கிளினிக் தேதியைத் தவற விட்டிருக்கிறாரா என்று அவருடைய அட்டையை எடுத்துப் பாருங்கள். தவறியிருந்தால் இந்த வாரமே கூட்டிப்போங்கள்.